மரத்துக்கு விட்ட காய்ச்சல்

காலையில் எழுந்ததும் இருசப்பன் முதலில் மலையைத்தான் கும்பிடுகிறார் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பின்மேல் ஏறி, கிழக்கே முகத்தை வைத்து, அசையாமல் நிற்பார். பால்காரர்கூட அந்த நேரத்தில் வண்டியின் ஹாரனை அடிக்காமல் கடந்து போவார். மலை அங்கேதான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் மலைக்கு முன்னால் தம்பி தருமனின் எலுமிச்சைத் தோப்பு இருந்தது. இருசப்பன் பார்த்தது தோப்பை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு இறங்கும் வண்டித்தடத்தில், வேலியோரமாகப் போனால் அந்த இரண்டு தோட்டமும் வரும். நடுவில் ஒரு வரப்பு. அப்பா இறந்தபின் நிலத்தை இரண்டாகப் பிரித்தபோது, மூத்தவன் முதலில் கேட்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இருசப்பன் யோசிக்கவே இல்லை. பள்ளத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கேதான் தண்ணீர் இருந்தது. போர் போட்டதும் பொங்கிக்கொண்டு வந்தது. எந்தக் கோடையிலும் அது குறைந்ததில்லை. தருமனுக்கு மேட்டுப் பக்கம். பாறையும் சரளையும், நடுவில் அப்பா காலத்துக் கிணறு ஒன்று. மழைக்காலத்தில் கையால் மொண்டு குடிக்கலாம். சித்திரை வந்தால் அடியில் பாறை தெரியும். அவனும் போர் போட மின்சார இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருந்தான்.

ஆக, நல்ல பங்கு இருசப்பனுடையது. அதை அவரே தேர்ந்தெடுத்தார். அதனால்தான் அந்தப் பொறாமையை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அண்ணனும் தம்பியும் கன்றுகளை ஒரே நாற்றங்காலிலிருந்து ஒரே வண்டியில் ஏற்றி வந்து, அதே வாரத்தில் நட்டார்கள். பத்து வருசத்தில் அவை அண்ணன் தம்பி மாதிரியே ஆகிவிட்டன. ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லை. இருசப்பனின் மரங்கள் எண்ணெய் தடவினதுபோல் கறுத்துப் பச்சையாக நின்றன. மகன் சுரேஷ்குமார் வேங்கிக்காலில் வேலைக்குப் போவதற்கு முன்னால் போட்டுக்கொடுத்த சொட்டுநீர்க் குழாய் ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் தினமும் சொட்டியது. மழை வந்தாலும் சொட்டும், வராவிட்டாலும் சொட்டும். அந்த மரங்களுக்குச் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் வித்தியாசமே தெரியாது. தருமனின் மரங்களோ கூன் விழுந்து, இலையைவிட முள் ஜாஸ்தியாக, பார்ப்பதற்குச் சண்டைக்கு நிற்பதுபோல இருக்கும். கார்த்திகை வந்தால் அவற்றில் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இருசப்பன் தோட்டத்தில் காயைத் தேட இலையை விலக்கவேண்டும். விலக்கினால் இன்னும் இலை இருக்கும்.

சந்தைக்குக் காய் கம்மியாகப் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மாலைதான் பொறுக்கவிடவில்லை.

அந்தத் தெருவுக்கு எல்லைக் காளி என்று ஒரு அம்மன் உண்டு. பெரிய கோயிலில் தீபத்துக்குக் கொடியேறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளுக்கு நூற்றெட்டு எலுமிச்சை கோத்த மாலை சாத்துவார்கள். காயெல்லாம் ஒரே தோட்டத்துக் காயாக இருக்கவேண்டும். கடைக் காய் ஆகாது, கறை விழுந்தது ஆகாது. மாலையைச் சாத்தும்போது பூசாரி இராமலிங்கம் எந்த வீட்டு மாலை என்று சத்தமாகச் சொல்லுவார். தோட்டம் காய்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அது மூத்த வீட்டு உரிமையாக இருந்தது. ‘இருசப்பன் வீட்டு மாலை’ என்று பூசாரி சொல்லும்போது இருசப்பன் தலையைக் குனிந்துகொள்வார், காது மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

ஒரு வருசம் காய் பற்றவில்லை. இருசப்பன் ஒருவரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் பஸ் ஏறி, தேரடி வீதிப் பக்கம் ஒரு கடையில் மீதிக் காயை வாங்கி வந்து கலந்துவிட்டார். பூசாரி மாலையைக் கையில் எடுத்தார், ஒரு காயை நகத்தால் லேசாகக் கீறினார், மோந்து பார்த்தார். தோல் தடித்த கடைக் காய்.  அம்மன் காலடியில் அதைப் போட்டுவிட்டு, தருமனைக் கூப்பிட்டு உன் தோட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். தருமன் ஓடிப்போய்ப் பறித்து வந்தான். அன்றிலிருந்து மூன்று தீபமாகத் ‘தருமன் வீட்டு மாலை’தான்.

இருசப்பன் சும்மா இருக்கவில்லை. எருவைக் கூட்டினார், யூரியாவைக் கூட்டினார், சொட்டும் நேரத்தைக் கூட்டினார். அவர் எதைக் கொடுத்தாலும் மரம் அதை இலையாக மாற்றித் திருப்பிக் கொடுத்தது. “மாடு வாங்கி வுட்டா நல்லா மேயும்” என்றாள் அவர் மனைவி சரோஜா. அவள் சிரிக்காமல் சொன்னதால் அது இன்னும் எரிந்தது.

வரப்பின்மேல் நின்று நின்று இருசப்பனுக்குத் தம்பியின் தோப்பு மனப்பாடம் ஆகியிருந்தது. எந்த மரத்தில் எந்தக் கிளை முதலில் பூக்கும், எந்தக் கிளையில் காக்கை உட்காரும் என்பதெல்லாம் தருமனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் ஒரு நாள் அது உறைத்தது. கிணறு வற்றுகிறது. இலை சுருளுகிறது. மரம் செத்ததுபோல் நிற்கிறது. பிறகு கோடைமழை ஒன்று இறங்குகிறது. உடனே கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு வருசமும் இதே கதைதான்.

அன்று அவர் களை பறித்துக்கொண்டிருந்தார். தன் தண்ணீர்த் தொட்டியோரம் கோரை முளைத்திருந்தது. எப்போதும் ஈரம் இருக்கிற இடம். அது பூவைப்பற்றிக் கவலைப்படாமல் மண்ணுக்குள்ளேயே கிழங்கோடிக் கிழங்கோடி, தன்னைப்போலவே இன்னொன்றைக் கிளப்பி, தொட்டியைச் சுற்றி வந்திருந்தது. பக்கத்தில் வாழையும் அப்படித்தான். கன்று கன்றாக ஈன்றுகொண்டு நின்றது. அங்கிருந்து தலையைத் தூக்கினால் வரப்புச் சரிவு. அங்கே ஒரு மழைக்கு முளைத்த தும்பை, சாண் உயரம்கூட இல்லை, அதற்குள் பூத்து விதையும் கட்டியிருந்தது. அடுத்த மழை வருமோ வராதோ என்று அதற்குச் சந்தேகம். கோரைக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கும் தண்ணீர் உண்டு என்று தெரிந்தவன் எதற்கு அவசரப்பட்டு விதைக்கவேண்டும்?

தன் மரங்கள் கோரையைப்போல் ஆகிவிட்டன என்று இருசப்பனுக்குப் புரிந்தது. அந்தப் புரிதல் சரியானதுதான். அதோடு நின்றிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திக் காயப் போடுவதற்குக் காய்ச்சல் விடுவது என்று பெயர். மல்லித் தோட்டத்துக்கு அப்பா அப்படிச் செய்து இருசப்பன் பார்த்திருக்கிறார். பங்குனி கடைசியில் ஒரு காலை அவர் போய்த் தண்ணீர்க் குழாயின் கேட்வாலைத் திருகி மூடினார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றது. பத்து வருசத்தில் தோட்டம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் இருந்தது.

கோயில் பக்கம் பூசாரியைப் பார்த்தபோது அவரால் வாயை அடக்க முடியவில்லை. இந்தத் தீபத்துக்கு மாலை எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள், மரத்துக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறேன் என்று சொன்னார். பூசாரி விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“காய்ச்சல் மரத்துக்கா இருசப்பா, உனுக்கா?”

டீக்கடைக்கு அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து, காய்ச்சல் எப்படி இருக்கு, இறங்கிச்சா, மாத்திரை போட்டியா என்று விசாரிக்காத ஆளில்லை. காய்ச்சல் என்றால் பொறாமை என்றும் அர்த்தம் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருசப்பனும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் விடுகிறவன் மரத்தைப் பார்க்கவேண்டும். இலை மத்தியானத்தில் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. விடிந்தும் விரியாவிட்டால் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இது இருசப்பனுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அவர் தன் மரத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல வரப்பின்மேல் நின்று தம்பியின் கிணற்றைப் பார்த்தார். தருமனின் கிணற்றில் தண்ணீர் ஊறும் வரைக்கும் தன் மரத்துக்கும் தண்ணீர் கிடையாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். அவன் மரம் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு தன்னுடையதும் காயவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த ஒரு நாளின் பூ குறைந்துவிடும்.

சித்திரை பாதியில் இருசப்பன் தோட்டத்தில் இலை கொட்ட ஆரம்பித்தது. முதலில் மஞ்சளாகி விழுந்தது, பிறகு பச்சையாகவே விழுந்தது. நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேட்டில் தருமனின் மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டு, அவ்வளவுதான், நின்றன.

சரோஜா முதலில் கிண்டல் செய்தாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில் கெஞ்சினாள்.

“கேட்வாலத் தொறந்து வுடுங்க. பாக்கவே முடியல.”

“அவன் மரம் நிக்குதில்ல.”

“அவன் மரம் பட்டினி கெடந்து வளந்தது. நம்ம மரம் வேளாவேளைக்குத் தின்னு வளந்தது. ரெண்டும் ஒண்ணா?”

அவர் வரப்புப் பக்கம் நடந்தார். உண்மையில் அன்று சாயங்காலம் திறந்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தார். அப்போது பார்த்துத் தருமன் வரப்புக்கு வந்தான். இத்தனை நாளில் அவன் இந்தப் பக்கம் வந்ததே அபூர்வம். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, மோட்டார் ரிப்பேரா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறேன் என்றார் இருசப்பன். தருமன் மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ண்ணா, தெனம் குடிச்ச மரம் இது. வேரெல்லாம் மேலயே இருக்கும், உள்ள போயிருக்காது. இத்தினி நாள் தாங்காதுண்ணா. தொறந்து வுட்டுடு.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் இருசப்பன் திறந்திருப்பார். சொன்னது தருமன். மாலை கைவிட்டுப் போய்விடும் என்று இவனுக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் இப்படி வந்து உருகுகிறான் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பானகம் குடித்ததுபோல இனித்தது. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். கேட்வால் மூடியபடியே இருந்தது.

வைகாசி கடைசியில்தான் மழை வந்தது. மலைமேல் கறுத்துக்கொண்டு வந்து ஒரே மூச்சாகக் கொட்டியது. வண்டித்தடத்துப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, மறுநாளே அதில் தவளை முட்டை நுரைநுரையாக மிதந்தது. தண்ணீர் வற்றுவதற்குள் முடிக்கவேண்டிய காரியம் என்று தவளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. தருமனின் கிணற்றில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டபிறகு இருசப்பன் போய்க் கேட்வாலை முழுக்கத் திறந்தார்.

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் தோட்டம் பூத்தது. அப்படி ஒரு பூவை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. இலையே இல்லாத கிளைகளில் கணுவுக்குக் கணு வெள்ளை அப்பிக்கொண்டிருந்தது. வாசனை கிரிவலப் பாதை வரைக்கும் போனது. பௌர்ணமிக்கு நடந்து போகிறவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். இருசப்பன் பூசாரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு, பூவெல்லாம் சரி, இலை எங்கே என்று கேட்டார். இலையையா மாலை கோக்கப்போகிறோம் என்றார் இருசப்பன். காய்ச்சலைப்பற்றி இப்போது யாரும் கேட்கவில்லை.

பூவில் பாதி பிஞ்சாகாமல் உதிர்ந்தது. பிஞ்சில் பாதி ஆடிக் காற்றில் உதிர்ந்தது. அப்படியும் மிச்சம் நின்றது ஏராளம். சில மரங்கள் தளிரே விடவில்லை; பட்டை வெடித்து, குச்சி குச்சியாக நின்று, அந்தக் குச்சிகளில் காயை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தன. இருசப்பன் முட்டுக்கொடுத்தார். காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரோஜா அந்த மரங்களின் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். 

கார்த்திகை வெள்ளிக்கிழமை நூற்றெட்டு காயும் அவர் தோட்டத்திலிருந்தே வந்தது. கொஞ்சம் சிறுத்த காய், ஆனால் கறை இல்லை, எல்லாம் ஒரே அளவு. பூசாரி நகத்தால் கீறி மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மாலையைத் தூக்கி அம்மன் தோளில் சாத்தி, ‘இருசப்பன் வீட்டு மாலை’ என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

இருசப்பன் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. நேராகத் தருமன் முகத்தைப் பார்த்தார். மூன்று தீபமாகத் தான் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான். தனக்கு எரிந்தது அவனுக்கும் எரியவேண்டும். ஆனால் தருமன் மாலையைப் பார்க்கவே இல்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், துக்க வீட்டில் பார்ப்பதுபோல. இருசப்பனுக்குக் கற்பூரம் தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

மலைமேல் தீபம் அணைவதற்குள் மாலைக்குக் காய் கொடுத்த மரங்களெல்லாம் பட்டுப்போயின. எந்த மரம் ஜாஸ்தி காய்த்ததோ அது முதலில் போனது. பாதித் தோட்டம் விறகானது.

கூப்பிடாமலே தருமன் கோடாலியோடு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். அடிமரத்தைப் பெயர்த்தபோது வேர் பாயைச் சுருட்டுவதுபோலச் சுலபமாகக் கையோடு வந்தது. சொட்டுக்குழாய்க்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்கு அடர்ந்து பின்னிக்கிடந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. தருமன் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

“ஒனக்கு வருசாவருசம் காய்க்குது” என்றார் இருசப்பன். அவர் குரலில் இன்னும் அந்தக் காய்ச்சல் இருந்தது.

“சந்தோசத்துலயா காய்க்குது? பயத்துல காய்க்குதுண்ணா. ஒவ்வொரு சித்திரைக்கும் அதுக்கு இதான் கடைசின்னு தோணும்போல. காய் ஜாஸ்தியா இருந்தா ஊரே வந்து பாக்குது. எனக்கு ராவெல்லாம் தூக்கம் வராது, இந்த வருசம் எத்தினி மரம் போவுமோன்னு.”

 தருமன் கோடாலிக் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“காலைல உன் மோட்டார் சத்தம் கேக்கும் பாரு. பத்து வருசமா அது கேக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்ணா. அம்மன் மேல சத்தியமா. உன் மரத்து இலையப் பாக்கக் கூடாதுன்னே நான் வரப்புப் பக்கம் வரமாட்டேன்.”

இருசப்பனுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. பத்து வருசமாக வரப்பின்மேல் நின்று அவர் தேடியது இதைத்தான். தம்பிக்கும் எரிந்திருக்கிறது, தன்னைப் பார்த்து, தன் இலையைப் பார்த்து எரிந்திருக்கிறது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் கேட்வாலை மூடியிருக்கவே மாட்டார். சுற்றிக் கிடந்த விறகைப் பார்த்தார். சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை.

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?” என்று முணுமுணுத்தார். தம்பிக்கு அது கேட்டதா தெரியவில்லை. அவன் எழுந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

அதற்கடுத்த தையில் தருமனுக்கு இணைப்பு வந்தது. போர் போட்டான். மேடாக இருந்தாலும் ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது. சொட்டுக்குழாய் போட்ட முதல் நாள் அவன் மனைவி ஜோதியம்மாள் குழாயைத் தொட்டுக் கும்பிட்டாள். சித்திரையில் அந்தத் தோப்பில் இலை சுருளவில்லை. மரங்கள் முதல் தடவையாக நிமிர்ந்தன. கூன் தெரியாமல் பச்சை மூடியது. தருமன் நன்றாகத் தூங்கினான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

இருசப்பனிடம் மிஞ்சினது பாதி மரங்கள். காய்ந்து தப்பியவை. அவற்றுக்கு அவர் இப்போது வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் விடுகிறார், இலையைப் பார்த்துப் பார்த்து விடுகிறார். அவை கொஞ்சம் கூனி, கொஞ்சம் முள்ளோடு, அளவாகக் காய்க்கின்றன. போன கார்த்திகையில் தருமன் தோப்பில் காய் பற்றவில்லை. யாரையும் கேட்காமல் பூசாரி நேரே இருசப்பன் வீட்டுக்கு வந்தார். மாலை இனி அவருடையதுதான், போட்டிக்கு ஆளில்லை.

காலையில் எழுந்ததும் இருசப்பன் இன்னமும் வரப்பின்மேல் ஏறிக் கிழக்கே பார்த்து நிற்கிறார். பால்காரர் ஹாரன் அடிக்காமல் போகிறார். அந்த நேரத்துக்குச் சரியாகத் தருமனின் மோட்டார் ஓட ஆரம்பிக்கும். வெயில் பட்டுத் தம்பியின் மரங்களில் இலை எண்ணெய் தடவினதுபோல் மின்னும்.

“காப்பி ஆறுது” என்று சரோஜா கூப்பிடுவாள். “அங்க இன்னா இருக்குதுன்னு தெனமும் நிக்கறீங்க?”

“எப்பிடிப் பச்ச வுட்டிருக்கு பாரு அவனுக்கு” என்பார் இருசப்பன்.